எப்போது நிறுத்துவது?



ஊசியிலை மரங்களின் கரு வளர்ச்சியைப் பேசுவதற்கு மலேசியாவின் அன்னாசி ஊரான பெக்கான் நானாஸ்தானா கிடைத்தது என்று சிலர் நினைக்கலாம். பைனும் ஸ்புரூசும் இங்கே காடாக நிற்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் தாவர ஹார்மோன் என்ன செய்யும் என்பதை இந்தக் கரிமண்ணில் அன்னாசி போட்டவருக்கு நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை. செடியின் குருத்தில் எத்திஃபோன் கரைசலை ஊற்றினால் அதிலிருந்து எத்திலீன் வெளிப்படும். பாத்தி முழுவதும் சேர்ந்தாற்போல் பூக்கும். செடி தேறுவதற்கு முன்பே ஊற்றினால் பழம் சிறுத்துவிடும். மருந்தும் அளவும் அதேதான், வேளைதான் தப்பு.

ஆய்வுக்கூடத்தில் இருக்கும் நாம் அந்த வேளைக்கு உரிய மதிப்பைத் தருவதில்லை என்பது என் குறை. லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற அட்டவணை பக்கம் பக்கமாக வருகிறது. ஹார்மோனை எந்த வாரத்தில் நிறுத்தினார்கள் என்பதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

நார்வே ஸ்புரூசைப் பாருங்கள். அதில் உடற்செல் கருக்கள், அதாவது கருவுறுதல் இல்லாமல் ஆய்வுக்கூடத்தில் உடற்செல்லிலிருந்து எழும் கருக்கள், உருவானதை 1985இல் அறிவித்தார்கள். முதிராத விதையிலிருந்து கருவை எடுத்து, 2,4-டி என்ற ஆக்சின், பிஏபி என்ற சைட்டோகைனின் ஆகிய இரு ஹார்மோன்களும் கலந்த ஊடகத்தில் வைத்தால் வெளுத்த, வழுவழுப்பான திசு பெருகும். அந்த இரண்டும் இருக்கும்வரை பெருக்கம் ஓயாது, கருவும் முதிராது. இரண்டையும் விலக்கிய பிறகுதான் கரு தனியே தலைதூக்குகிறது. அப்போது அதைச் சுமந்த திசுவின் செல்கள் திட்டமிட்டதுபோல் மடிகின்றன. சுவீடனின் உப்சாலாவில் ஃபிலோனோவா, பொஷ்கோவ், வான் ஆர்னால்ட் குழுவினர் 2000ஆம் ஆண்டு இதைக் காட்டினார்கள். என் கணிப்பில் இந்தத் துறையின் மிக அழகான ஆய்வுகளில் அது ஒன்று.

அடுத்தது அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனின் முறை. கரு அவசரப்பட்டு முளைத்துவிடாமல் தடுத்து, சேமிப்புப் புரதமும் கொழுப்பும் சேரச் செய்வது இது. முளைக்க வைக்கும் கட்டத்தில் இதையும் எடுத்துவிட வேண்டும்.

திசு வளர்ப்பில் நேரும் பிழை மலேசியர்களுக்கு ஏட்டுப் படிப்பாக மட்டும் இருந்ததில்லை. திசு வளர்ப்பில் வந்த செம்பனைகள் சிலவற்றில் பூக்கள் உருமாறி, காய்ப்பு கெட்டதை 1986இல் கார்லியும் உடன் ஆய்வாளர்களும் எழுதினார்கள். மரபணு ஒன்றுக்குள் இருக்கும் ‘கர்மா’ என்ற தாவும் கூறு மெத்தில் குறிகளை இழப்பதே காரணம் என்று மலேசிய செம்பனை வாரிய ஆய்வாளர்கள் 2015இல் ‘நேச்சர்’ இதழில் நிறுவினார்கள். பழி முழுவதையும் ஹார்மோன்மேல் போட அந்த முடிவு இடம் தரவில்லை. ஆனாலும், குடுவைக்குள் நேர்ந்த பிழை தோட்டத்தில் பூ விடும்வரை யார் கண்ணிலும் படவில்லை. ஊசியிலை மரத்துக்குக் காத்திருப்பு இன்னும் நீளம். அதனால்தான் களச்சோதனை முடியும்வரை திசுவை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்துக் காக்கிறார்கள்.

கட்டுரை படிக்க வந்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அளவோடு நாளையும் சொல்லுங்கள். முளைக்காமல் போன குடுவைகளின் கணக்கையும் மறைக்காமல் வையுங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.