இரண்டு மைலுக்கு உள்ளே இருக்கும் பிள்ளை



ஐசலினில் எங்கட ஆட்களின் வரிக்கணக்கைப் பார்த்து முடித்துப் பேனையை மூடும்போது, பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணை, பக்கத்துத் தெருப் பிள்ளைக்கு மஞ்சள் பஸ் வருகுது. எங்கட பிள்ளைக்கு ஏன் இல்லை?"

பதில் சட்டத்தில் இருக்கிறது. நியூ ஜேர்சியில் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைக்கு 2 மைலுக்கு மேலும், ஒன்பதாம் வகுப்பு முதலான பிள்ளைக்கு 2.5 மைலுக்கு மேலும் தூரம் இருந்தால்தான் பஸ் உரிமை. நடக்கக்கூடிய மிகக் குறுகிய பாதையால்தான் தூரத்தை அளப்பார்கள். 1.9 மைலில் இருக்கும் ஆறு வயதுப் பிள்ளை, மூன்று கிலோமீற்றரை பனிக்காலத்திலும் நடக்கலாம் என்பது கணக்கு.

"நாங்கள் ஊரில் நடந்து படிக்கவில்லையா?" என்று அம்மம்மாமார் கேட்பார்கள். நடந்தோம்தான். ஆனால் ஒழுங்கைகளில், பத்துப் பிள்ளைகள் சேர்ந்து நடந்தோம். 27ஆம் இலக்க வீதியின் வாகன வெள்ளத்தைத் தனியே கடக்கவில்லை. பிறகு யுத்தம் வந்து, பிள்ளை பாடசாலையால் திரும்பும் வரை வாசலில் நின்றோமே, அந்தத் தவிப்பை எவரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தூர எல்லைக்குள் இருப்பவர்களுக்கும் கல்விச் சபைகள் சலுகையாக பஸ் விடலாம். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு மாநிலப் போக்குவரத்து உதவிப்பணம் இல்லை. உள்ளூர்ச் சொத்துவரியே சுமக்க வேண்டும். 2010 சட்டம் அந்த வரி உயர்வைப் பொதுவாக ஆண்டுக்கு 2 வீதத்துக்குள் கட்டிவைத்திருக்கிறது. செலவைக் குறைக்கும் நேரத்தில், சட்டம் கட்டாயப்படுத்தாத பஸ்ஸில் கைவைப்பதுதான் இலகு. சில இடங்களில் பெற்றோரிடம் கட்டணமும் அறவிடுகிறார்கள்.

பொதுப்பணத்தை இதற்குச் செலவிடலாமா என்ற வழக்கு எழுந்ததும் இதே மாநிலத்தில்தான். யூயிங் நகரில் கத்தோலிக்கப் பாடசாலைப் பெற்றோருக்கும் பஸ் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததை எவர்சன் என்ற வரியிறுப்பாளர் எதிர்த்தார். 1947 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையால் அது செல்லும் என்றது. பொலிஸ், தீயணைப்புச் சேவை போல, பிள்ளைகளின் பாதுகாப்பான பயணமும் பொதுக் காரியமே என்பது அதன் சாரம்.

ஆகவே, மைலோடு ஆபத்தையும் அளக்க வேண்டும் என்பது என் கருத்து. நடைபாதை இல்லாத வீதி, வேகமான வாகனங்கள், பாலம், ரயில் கடவை உள்ள பாதையில் நடக்கும் பிள்ளைக்கும் மாநில உதவிப்பணம் கிடைக்க வேண்டும். சலுகை பஸ் விடும் சபை ஆபத்தான பாதைகள் பற்றிய கொள்கை ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இப்போதே சொல்கிறது. அந்தக் கொள்கையைக் கேட்டு வாங்கி, உங்கள் தெரு அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வசந்தகாலத்தில் சபை வரவுசெலவுத் திட்டத்துக்குப் பொது விசாரணை வைக்கும். அங்கே பேசுவதற்குப் பிரஜாவுரிமை தேவையில்லை. வாடகை வீட்டில் இருப்பவரும் பேசலாம். அவர் கட்டும் வாடகைக்குள் சொத்துவரியும் இருக்கிறது. ஊரில் கந்தோர் வாசல்களில் நின்று பழகிய பயம் எங்களுக்குள் இன்னும் இருக்கிறது. ஆங்கிலம் தடக்கினால் வளர்ந்த பிள்ளையைக் கூட்டிப்போங்கள். பிள்ளை நடக்கும் பாதையை மூன்று நிமிடத்தில் சொன்னால் போதும்.