பதிவேட்டில் ஏறாத பணி

பாடசாலை மணி அடித்ததும் ஆசிரியர் வகுப்புக்குள் நுழைகிறார். அவரிடம் நியமனக் கடிதம் உண்டா என்று எந்த மாணவனும் கேட்பதில்லை. ஆயினும், அவருடைய சம்பளம், விடுமுறை, முதுமைக்கால ஓய்வூதியம் ஆகிய யாவும் அந்த ஒரு தாளையே பற்றி நிற்கின்றன. இவ்வுண்மையை வன்னி மக்கள் நன்கறிவர்.

உதவி பெறும் பாடசாலைகளில் ஆசிரியரை நியமிப்பதும் நீக்குவதும் ஒரு காலத்தில் முகாமையாளர் கையில் இருந்தன. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் அப்பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் பொறுப்பில் வந்தன. 1994இல் இலங்கை ஆசிரியர் சேவை என்னும் தனிச்சேவை அமைந்தது. தரங்களும் பதவி உயர்வும் விதிகளால் வரையறுக்கப்பட்டன.

விதிகள் இவ்வாறு சீர்பெற்ற அதே காலத்தில் வன்னியிற் போர் நடந்தது. 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து பெருந்தொகையானோர் இடம்பெயர்ந்து வந்தனர். 1996இல் கிளிநொச்சி மக்களும் தம் ஊரை விட்டகன்றனர். மரநிழலிலும் ஓலைக்கொட்டிலிலும் வகுப்புகள் நடந்தன. பிள்ளைகள் பலர், ஆசிரியரோ சிலர். அக்குறையை நிரப்ப முன்வந்தவர்கள், உயர்தரம் கற்றுத் தேறிய உள்ளூர் இளைஞரும் யுவதியருமே. தொண்டர் ஆசிரியர் என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர். சிறு கொடுப்பனவு பெற்றோரும், அதுவும் பெறாதோரும் அவர்களுள் இருந்தனர்.

நியமனம் பெற்ற ஆசிரியைக்கும் தொண்டர் ஆசிரியைக்கும் உள்ள வேறுபாட்டைச் சற்றே நோக்குவோம். 2005ஆம் ஆண்டின் பொது நிருவாகச் சுற்றறிக்கைப்படி, அரச ஊழியரான தாய்க்குப் பிரசவத்தின்போது முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாள் விடுமுறை உண்டு. அதன்பின் அரைச் சம்பளத்துடன் 84 நாளும், சம்பளமின்றி 84 நாளும் பெறலாம். அடுத்த வகுப்பிற் கற்பித்த தொண்டர் ஆசிரியைக்கு இவற்றுள் ஒன்றும் உரியதன்று. அவர் வராத நாள் வெறும் வராத நாளே.

இழப்பு அத்துடன் நிற்பதில்லை. ஓய்வூதியக் கணக்கு நியமனத் திகதியிலிருந்து தொடங்குகிறது. 25ஆம் வயதில் நியமனம் பெற்றவர் 60ஆம் வயதில் 35 ஆண்டுச் சேவையுடன் ஓய்வு பெறுவார். அதே வயதில் தொண்டராகச் சேர்ந்து 42ஆம் வயதில் நியமனம் பெற்றவருக்கு எஞ்சுவது 18 ஆண்டுகளே. முந்திய 17 ஆண்டு உழைப்புக்குக் கணக்கில் இடமில்லை.

2009இற் போர் முடிந்தபின் தொண்டர் ஆசிரியர்கள் நிரந்தர நியமனம் கேட்டு நெடுங்காலம் போராடினர். 2018இல் வடமாகாணத்தில் ஒரு பகுதியினருக்கு அது கிடைத்தது. ஆனால், பணிபுரிந்தமைக்குச் சான்று கேட்டால் எதைக் காட்டுவது? வரவுப் பதிவேடும் சம்பவத்திரட்டுப் புத்தகமும் பல பாடசாலைகளில் இடப்பெயர்வோடு அழிந்தன. பிள்ளைகளைக் காத்து அழைத்துச் சென்றவர்களால் ஏடுகளையும் சுமந்து செல்ல முடியவில்லை. அவர்களிடம் கற்ற மாணவரே உயிருள்ள சான்று. அலுவலக மேசையோ தாளையே கேட்கிறது.

ஆசிரியருக்குப் பதவியில் உறுதியும் பாதுகாப்பும் வேண்டும் என்பது உலகம் ஒப்பிய கொள்கை. 1966 ஒக்டோபர் 5ஆம் திகதி யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழில் தாபனமும் கூட்டாக எடுத்த பரிந்துரையில் அது இடம்பெற்றுள்ளது. அந்நாளே இன்று உலக ஆசிரியர் தினமாக விளங்குகிறது.

ஆதலின், பாடசாலையில் ஒருவர் தொண்டராகக் கற்பிக்கத் தொடங்குவாராயின், முதல் நாளிலேயே அவர் பெயரையும் பாடத்தையும் சம்பவத்திரட்டிற் பதிதல் அதிபரின் கடமை. அப்பதிவின் பிரதியைக் கேட்டுப் பெற்று, வீட்டிற் பேணுதல் கற்பிப்பவரின் கடமை. ஏடு அழிந்த இடத்தில், உடன் பணியாற்றியோரினதும் பெற்றோரினதும் சத்தியக் கூற்றுகளை ஆராய்ந்து ஏற்பதற்கு வழி காணுதல் அதிகாரிகளின் கடமை. தாளில்லை என்பதனால் பணியே நடைபெறவில்லை என்று கொள்ளுதல் நீதியாகாது. மரநிழலில் அன்று எழுத்தறிந்த பிள்ளைகள் இன்று பெற்றோராகித் தம் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புகின்றனர். அவர்களுக்கு எழுத்தறிவித்தவர் யார் என்பதை அந்த ஊர்கள் இன்னும் மறக்கவில்லை.