முதல் பந்தியில் பாயசம் இல்லை

நடுவர் அவர்களே, ரிமோட்டைப் பிள்ளைகளிடம் பறிகொடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே!

புதிதாக ஒரு வீடியோ விளையாட்டுக் கருவி வந்தால், அதை விற்க வைப்பது விலையா, அதில் ஆடக் கிடைக்கிற விளையாட்டுகளா? எனக்கு முன்னால் பேசிய சகோதரி, 'விலையைக் கொறச்சா வித்துட்டுப் போகுது, இதுல என்னய்யா பட்டிமன்றம்?' என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா, வாழை இலை மலிவு என்று யாராவது விருந்துக்குப் போவார்களா? (சிரிப்பு)

ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி 2011 பிப்ரவரி 26-இல் 'த்ரீ டிஎஸ்' என்று ஒரு கைக்கருவியைக் கொண்டுவந்தது. கண்ணாடி போடாமலே படம் முப்பரிமாணத்தில் தெரியும். விலை 25,000 யென். அடுத்த மாதம் அமெரிக்காவில் 249 டாலர் 99 சென்ட். நம்ம ஊர் பாட்டா விலை அங்கேயும் போயிருக்கு! (சிரிப்பு)

ஆறு மாதம் ஓடவில்லை. ஆகஸ்டில் 169.99 டாலர் ஆக்கினார்கள். ஜப்பானில் 15,000 யென். தலைவர் சதோரு இவாதா தன் சம்பளத்தில் பாதியை வெட்டிக்கொண்டார். ஏன் இந்த நிலைமை? கம்பெனியின் செல்லப்பிள்ளை மீசைக்கார மாரியோ. அவருடைய புது ஆட்டம் தொடக்க நாளில் இல்லை. அமெரிக்காவில் கம்பெனி சொந்தமாகக் கொடுத்தது நாய்க்குட்டி வளர்க்கிற ஆட்டம், விமானம் ஓட்டுகிற ஆட்டம், நீர்மூழ்கிக் கப்பல் ஆட்டம். பந்தல் போட்டாச்சு, மேளம் வந்தாச்சு, மாப்பிள்ளையைக் காணோம்!

இதில் வயிறெரிந்தவர் யார் தெரியுமா? மார்ச் மாதமே பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த அப்பா. 'பந்திக்கு முந்து' என்றார்கள், முந்தினார். இலையில் உப்பும் ஊறுகாயும்தான். பின்னால் வந்தவனுக்கு 80 டாலர் குறைவு, பாயசமும் உண்டு. முந்தி வாங்கியவர்களுக்கு ஆறுதலாக 20 பழைய விளையாட்டுகளை இலவசமாகக் கொடுத்தார்கள். கொடுத்தது நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் புதுச் சட்டை கேட்ட பிள்ளைக்கு அண்ணன் சட்டையைக் கொடுத்த கதை அது.

'விலையைக் கொறச்ச பிறகுதானே வித்துச்சு?' என்று சகோதரி சைகை காட்டுகிறார். விலைக்குறைப்பு கதவைத் திறந்தது, ஒத்துக்கொள்கிறேன். உள்ளே வந்தவன் எதுக்கம்மா உட்கார்ந்தான்? நவம்பரில் மாரியோவின் புது ஆட்டம் வந்தது. டிசம்பரில் அவருடைய கார்ப் பந்தயம் வந்தது. அதுக்குத்தான்! கடைசியில் அந்தக் கருவி ஏழரைக் கோடிக்கு மேல் விற்றது. ஏழரை என்றதும் சனியை நினைக்காதீர்கள், இது நல்ல ஏழரை! (கைதட்டல்)

அதே கம்பெனி 2025 ஜூன் 5-இல் 'ஸ்விட்ச் 2' என்ற கருவியை வெளியிட்டது. அமெரிக்காவில் 449.99 டாலர். இந்தத் தடவை முதல் நாளே மாரியோவின் புதுக் கார்ப் பந்தயம் தயார். அந்த ஆட்டத்துக்குத் தனியாக 79.99 டாலர், அதைக் கேட்டால் எனக்கே தலை சுற்றுகிறது, அது வேற பட்டிமன்றம். உலகம் முழுவதும் நாலே நாளில் 35 லட்சத்துக்கு மேல் கருவிகள் விற்றன. விலைதான் எல்லாம் என்றால், அந்த நாலு நாளும் கடைக்காரர் ஈ ஓட்டியிருக்க வேண்டும். ஓட்டியது மாரியோ... காரை! (பலத்த கைதட்டல்)

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார்.