வெயில் தாங்கும் கொட்டகை

மண்வெட்டி, உர மூட்டை, ஸ்பிரேயர் எல்லாம் வைக்கத் தோட்டத்தில் ஒரு சின்னக் கொட்டகை வேண்டும். எதில் போடலாம்?

மலிவான பிளாஸ்டிக் வேண்டாம். புற ஊதாக் கதிர் பட்டுப்பட்டுச் சாயம் வெளுக்கும். விரலால் தடவினால் மாவு மாதிரி ஒட்டும். அப்புறம் விரிசல்தான். பனங்கை என்றால், உள்சோற்றை நன்றாகச் செதுக்கிய வைரம் பாய்ந்த கட்டையாகப் பார்த்து வாங்குங்கள். மற்றதைக் கரையான் பார்த்துக்கொள்ளும்!

என் ஓட்டு, அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசிய இரும்புத் தகட்டுக்கு. கால்வலூம் என்பார்கள். பூச்சில் 55 சதவீதம் அலுமினியம். வெறும் துத்தநாகம் பூசிய தகட்டைவிடப் பொதுவாக நெடுநாள் உழைக்கும். வெளிர் நிறத்தில் வாங்கினால் சூடு குறையும். ஆனால் மாட்டுக் கொட்டகைக்கு இது சரிப்படாது. சாணம், மூத்திரத்தில் எழும் அம்மோனியா பூச்சை அரிக்கும்.

பலரும் கோட்டைவிடுவது திருகாணியில். 10 அடித் தகடு, 40 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் நீளும், இரவில் சுருங்கும். ஆணி அடித்தால் ஓட்டை அகன்று மழை ஒழுகும். ரப்பர் வாஷர் வைத்த திருகாணி போடச் சொல்லுங்கள். துளை போட்டதும் சிதறும் இரும்புத் துருவலை அன்றைக்கே துடைத்துவிட வேண்டும். விட்டால், முதல் மழையிலேயே அந்த இடமெல்லாம் செம்புள்ளி.

காற்றுப் போக எதிரெதிர்ச் சுவரில் ஒன்று தாழ்வாக, ஒன்று உயரமாகத் திறப்பு விடுங்கள். பூச்சிமருந்து டப்பா உள்ளே வெந்துகொண்டிருக்கக் கூடாது.