அச்சத்துக்கு ஒரு பெயர்



எனது வாசிப்பு அனுபவத்தைப் பற்றிப் பேசுமாறு கேட்கப்பட்டபோது, என்னைக் கவர்ந்த நூல்கள் சிலவற்றைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றே முதலில் எண்ணினேன். ஆனால், அது பாதி உண்மையாகவே இருந்திருக்கும். எனது வாசிப்பும் எனது பயமும் ஒன்றாக வளர்ந்தவை. ஒன்றை விட்டு மற்றதைச் சொல்ல என்னால் இயலாது.

யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதிருந்த தொண்ணூறுகளில், ஜாம் போத்தல் விளக்கொளியிலே வாசித்து வளர்ந்தவன் நான். தூரத்தில் ஷெல் சத்தம் கேட்டால் புத்தகத்தை இன்னும் கிட்டப் பிடிப்பேன். 1995 ஒக்ரோபர் 30 அன்று, வலிகாமமே எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. நாவற்குழிப் பாலத்தடியில் மழையிலே நெருக்குண்டு நின்றபோது, பதினைந்து வயதுச் சிறுவனாகிய எனது சேட்டுக்குள் ஒரு கதைப்புத்தகம் இருந்தது. அதை அணைத்துக்கொண்டு அழாமல் நின்றேன். அன்று அது எனக்குக் கவசம். ஆபத்து நீங்கிய பின்னரும் அந்தக் கவசத்தை நான் கழற்றவில்லை.

போர் 2009இல் முடிந்தது. பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் பெற்று, இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பிக்கத் தொடங்கியிருந்தேன். எல்லாம் ஒழுங்காக நடந்த காலத்தில்தான், 2014இல் ஒரு நாள், காலைப் பிரார்த்தனை முடிந்து வகுப்புக்குப் போகும் வழியில் நெஞ்சு படபடத்தது. கைகள் வியர்த்தன, மூச்சு முட்டியது. இதயத்தைப் பரிசோதித்துக் குறையொன்றும் இல்லை என்றார்கள். ஆனாலும், படபடப்பு மீண்டும் மீண்டும் வந்தது.

சுயமுன்னேற்ற நூல்களை நாடினேன். அப்துற் றஹீம், எம். எஸ். உதயமூர்த்தி முதலானோரின் நூல்கள் பலருக்கு ஊக்கம் தந்தவை, எனக்கும் தந்தன. நேரசூசி எழுதினேன். விடியற்காலையில் எழுந்தேன். ஒரு நாள் தவறினால், பயத்தோடு குற்றவுணர்வும் சேர்ந்துகொண்டது. முயன்றால் எதுவும் அணுகாது என்று நான் விளங்கிக்கொண்டதே பிழை. திருவள்ளுவர் அப்படிச் சொல்லவில்லை. ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என 60, 61, 62ஆம் அதிகாரங்களை வைத்தவர், அதற்கடுத்து இடுக்கணழியாமையை வைக்கிறார். முயன்றவனுக்கும் இடுக்கண் வரும். வந்தபோது உடைந்துபோகாதிருக்க வேண்டும். வகுப்பிலே பலமுறை சொல்லிக்கொடுத்த இந்த வைப்புமுறை, அப்போதுதான் எனக்குப் பொருள் தந்தது.

இன்னொரு வெளிச்சம் தொல்காப்பியத்திலிருந்து வந்தது. மெய்ப்பாட்டியலைப் பல்கலைக்கழகத்திலே பரீட்சைக்காக மனனம் செய்திருந்தேன். அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்கிறது அந்நூல்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறைவனாகிய அரசன். எனது பயத்துக்கு இந்த நான்கில் ஒன்றும் காரணமில்லையே என்று திகைத்தேன். மேலும் வாசித்தபோது, எட்டு மெய்ப்பாடுகளுக்குப் புறம்பாகத் தொல்காப்பியர் எண்ணும் முப்பத்திரண்டு கண்ணில் பட்டது. வெரூஉதல், வியர்த்தல், நடுக்கு, விரைவு, ஐயம் ஆகியவை அங்கே இருந்தன. எனது உடல் செய்தவற்றுக்கெல்லாம் பழந்தமிழிலே பெயர் இருந்தது. இது எனக்கு மட்டும் நேர்ந்த அவமானம் என்ற எண்ணம் அன்று தளர்ந்தது.

ஆயினும், பெயர் தெரிந்துவிட்டால் நோய் மாறிவிடுமா? மனைவிதான் ஒருநாள் சொன்னா: “இஞ்சாருங்கோ, புத்தகத்துக்குள்ளை ஒளிச்சது காணும். டொக்டரிட்டைப் போவம்.”

வைத்தியர் இதனைப் பதகளிப்பு என்றார். “ஏன் பதகளிக்கிறாய்?” என்று அம்மா கேட்கும் அதே சொல். சில மாதங்கள் மருந்தும், ஆறுதலாக மூச்சுவிடும் பயிற்சியும் தந்தார். பின்னர், “எந்த நேரத்திலே புத்தகத்தை எடுக்கிறீர்கள்?” என்று கேட்டார். நான் யோசித்தேன். கூட்டத்துக்குப் போகவேண்டிய நேரம். கல்யாண வீட்டுக்குப் புறப்படும் நேரம். வங்கியிலே வரிசையில் நிற்கவேண்டிய நேரம். பயந்த இடத்தைத் தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும் என்று அவர் விளக்கினார். நாவற்குழியில் என்னைக் காத்த புத்தகத்தையே இப்போது கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போட்டிருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு சிறு ஒழுங்கை வைத்திருக்கிறேன். முதலில் போகவேண்டிய இடத்துக்குப் போய்வருவது. வந்த பின்னரே புத்தகம். வாசித்ததை யாராவது ஒருவருக்குச் சொல்வது. பதகளிப்பு இன்றும் இடையிடையே வருகிறது. ஆனால், இப்போது வந்தவரை எனக்குத் தெரியும்; கதவைத் திறந்து வைத்தபடியே வேலையைப் பார்க்கிறேன்.

சில காலத்துக்கு முன், உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் மாணவன் ஒருவன் வந்து, “சேர், பேனை பிடிக்கேலாமல் கை நடுங்குது” என்றான். முன்னைய நானாயின், “பயப்படாதை, முயற்சி செய்” என்று அனுப்பியிருப்பேன். அன்று அவனை இருத்தி, மெய்ப்பாட்டியலைத் திறந்து, ‘நடுக்கு’ என்ற சொல்லைக் காட்டினேன். அவன் அதை விரலால் தொட்டுப் பார்த்தான். “இது அந்தக் காலத்திலையும் இருந்ததா சேர்?” என்றான். “இருந்தது. எனக்கும் இருக்குது” என்றேன். பின்னர் இருவருமாக அவனுடைய பெற்றோரைக் காணப் புறப்பட்டோம்.