ஆனதோத்து நிலம்



‘பொறுத்திரு, ஆண்டவன் பார்த்துக்கொள்வார்’ என்னும் சொல் நம் காதுகளுக்குப் புதிதன்று. அதைச் சொன்னவர்களிற் பலர் தாம் எதையும் பொறுக்க வேண்டிய நிலையில் இருந்தவர் அல்லர் என்பதும் நாம் அறிந்ததே. ஆகவே, துன்ப காலத்தில் இறைவன் இரக்கத்தை நம்புவது பற்றிப் பேசப் புகுந்தால் நம் இளைஞர்கள் ஐயத்தோடுதான் நோக்குவர். அந்த ஐயம் நியாயமானது. எபிரேய வேதத்தில் அந்நம்பிக்கை எத்தகையதாக இருந்தது என்பதை, எரேமியா தீர்க்கதரிசன நூலின் 32ஆம் அதிகாரத்திலுள்ள ஒரு நிலக் கிரயத்தைக் கொண்டு இன்று காண்போம்.

யூதாவின் அரசன் சிதேக்கியா அரசாண்ட 10ஆம் ஆண்டு அது. பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தது. நகரம் பகைவர் கையில் வீழும் என்று உரைத்ததற்காக எரேமியா அரண்மனைக் காவற்சாலை முற்றத்தில் அடைபட்டுக் கிடந்தார். அப்பக்காரர் தெருவிலிருந்து நாளொன்றுக்கு ஓர் அப்பம். நகரில் அப்பம் தீரும்வரை அதுவே அவருக்கு உணவு. அந்நிலையில் அவர் தந்தையின் உடன்பிறந்தவராகிய சல்லூமின் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்திலுள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளுமாறு கேட்கிறான். வறியவன் விற்கும் நிலத்தை நெருங்கிய உறவினன் மீட்க வேண்டும் என்பது லேவியராகமம் 25ஆம் அதிகாரம் கூறும் முறை. ஆனால் ஆனதோத்தோ எருசலேமுக்கு வடகிழக்கே சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில், மதிலுக்கு வெளியே, பகைவர் படை பரவிய நாட்டுப்புறத்தில் இருந்தது. வாங்குபவர் சிறையில், நிலம் பகைவர் காலடியில். இந்த அனாமெயேலைச் சற்றுச் சாமர்த்தியசாலி என்றே நாம் எண்ணுகிறோம்.

மற்றொன்றையும் மறக்கலாகாது. ஆனதோத்து எரேமியாவின் சொந்த ஊர். ஆயினும் அவ்வூராரே அவர் உயிரை வாங்கத் தேடியவர்கள். கடவுள் பெயரால் பேசினால் எங்கள் கையால் சாவாய் என்று அவரை மிரட்டினார்கள். இது 11ஆம் அதிகாரச் செய்தி. உடன்பிறந்தாரும் தந்தை வீட்டாரும் அவருக்குத் துரோகம் செய்ததை அடுத்த அதிகாரம் கூறுகிறது. அவ்வூராரில் எவரும் எஞ்சார் என்று இறைவனே தீர்ப்புக் கூறியிருந்தார். அத்தகைய ஊரில் நிலம்!

எரேமியா வாங்கினார். இறைவன் ஆணை அது என்று அறிந்து வாங்கினார். விலை 17 சேக்கல் எடை வெள்ளி. அதைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். கிரயப்பத்திரம் எழுதிக் கையொப்பமிட்டு, முத்திரை வைத்து, சாட்சிகளையும் நிறுத்தினார். முத்திரையிட்டது ஒன்று, திறந்தது ஒன்று எனப் பத்திரம் இரண்டு. அவற்றை நேரியாவின் மகன் பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். இத்தேசத்தில் வீடும் வயலும் திராட்சைத் தோட்டமும் மீண்டும் கைமாறும் காலம் வரும் என்பது அவருக்குக் கிடைத்த வாக்கு. மண்பாண்டம் பயனற்ற காப்பன்று. சாக்கடல் ஓரக் குகைகளில் 1947ஆம் ஆண்டு முதல் கண்டெடுக்கப்பட்ட தோற்சுருள்களுட் சில, ஏறக்குறைய 2,000 ஆண்டுகள் சாடிகளில் இருந்தவையே. பத்திரம் என்றால் என்ன, அது கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் குடும்பங்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

நம் உள்ளத்தை மிகவும் தொடுவது அடுத்து நிகழ்வதே. பத்திரத்தைக் கொடுத்த பின்னரே எரேமியா ஜெபிக்கிறார். ஆயிரமாயிரம் பேருக்கு இரக்கம் காட்டுபவர் என்று கடவுளைப் போற்றுகிறார். உடனே தம் திகைப்பையும் மறையாது கொட்டுகிறார்: முற்றுகை மேடுகள் நகரை எட்டிவிட்டன, வாளும் பஞ்சமும் கொள்ளைநோயும் சூழ்ந்துவிட்டன, நீரோ சாட்சி வைத்து நிலம் வாங்கச் சொன்னீரே! அவர் நம்பிக்கை ஐயம் தீரும்வரை காத்திருக்கவில்லை. ஐயம் எழுந்தபோது வாயடைத்துப் போகவுமில்லை. கடவுளும் அவரைக் கடிந்துகொள்ளாமல் விடை கூறுகிறார். அந்த ஜெபத்தில் இரக்கத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல் ஹெசெத். உடன்படிக்கை செய்தவர் கைவிடாது காக்கும் உறுதி என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். வேதம் இரக்கத்திற்கு ஆளும் ரஹமீம் என்னும் மற்றொரு சொல், கருப்பையைக் குறிக்கும் ரெஹெம் என்னும் சொல்லோடு உறவுடையது. மேலிருந்து போடும் பிச்சைக்கு இவ்விரண்டும் பெயரல்ல.

நகரம் அடுத்த ஆண்டே வீழ்ந்தது, கி.மு. 587 என்றும் 586 என்றும் அதனைக் கணக்கிடுவர். ஆலயம் எரிந்தது. எஞ்சிய மக்கள் எரேமியாவை அவர் சொல்லுக்கு மாறாக எகிப்துக்குக் கொண்டுபோயினர். தாம் வாங்கிய வயலில் அவர் ஒரு சால் உழுததாகவேனும் வேதத்தில் குறிப்பில்லை. பாரசீக மன்னர் கோரேசு கி.மு. 539இல் பாபிலோனைப் பிடித்தார். மறு ஆண்டு யூதர் நாடு திரும்ப ஆணையிட்டார். திரும்பியோர் கணக்கு எஸ்றா நூலின் 2ஆம் அதிகாரத்தில் உள்ளது. மொத்தம் 42,360 பேர். அடிமைகளும் பாடகரும் அதிற் சேரார்.

பள்ளி வருகைப் பதிவேடு போன்ற அப்பட்டியலைப் பலர் படியாது தாண்டிச் செல்வர். பதிவேட்டோடு வாழ்நாளைக் கழித்த நாம் அதை நின்று படித்தோம். எவரும் எஞ்சார் என்று தீர்ப்புப் பெற்ற ஊரின் பெயர் அதில் இருக்கிறது. பாருக்கு வைத்த மண்பாண்டம் திறக்கப்பட்டதா என்று அங்கே எழுதப்படவில்லை. நெத்தோபா ஊரார் 56 பேருக்கும் அஸ்மாவேத் ஊரார் 42 பேருக்கும் நடுவே, ஒரே வரியில், ஆனதோத்து ஊரார் 128 பேர் நிற்கிறார்கள்.