நீர்மேல் ஊர்திக்கு ஏற்ற எண்ணெய்



எண்ணெயும் தண்ணீரும் ஒன்றோடொன்று ஒட்டா என்பது அடுக்களையில் இருப்போர் யாவரும் அறிந்த உண்மை. மனம் ஒத்துப்போகாத இருவரை ‘எண்ணெயும் தண்ணீரும் போல’ என்று சொல்லும் வழக்கும் தமிழில் உண்டு. ஆயினும், தண்ணீரின்மேல் ஓடி, தண்ணீரையே பின்னே தள்ளி, தண்ணீராலேயே தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும் ஒரு சிறிய ஊர்தி, எண்ணெய் இல்லாவிடின் சிறிது நேரத்திற்குள் உயிரற்ற பொருளாகிவிடுகின்றது. ‘ஜெட் ஸ்கி’ என்று மக்கள் அழைக்கும் அந்த ஊர்தியின் இயந்திரத்திற்கு எத்தகைய எண்ணெய் ஏற்றது, அதனைத் தெரிந்தெடுக்கும் முறை யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கடைக்காரரிடம் கேட்டு வாங்கிவிடக்கூடிய சிறு காரியந்தானே இது என்று எண்ணுவோர் உளர். வீதியில் செல்லும் மோட்டார் சைக்கிள் பழுதுற்று நின்றால், அதனை ஓரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வீடு சேரலாம். கடலில் நடந்து வர இயலாது. தரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் வேளையில் இயந்திரம் இறுகி நின்றுவிடுமாயின், ஊர்தியும் அதிலிருப்பவரும் காற்று இழுத்த வழியே போகவேண்டியதுதான். அப்போது சில நூறு ரூபாய் மிச்சப்படுத்திய மகிழ்ச்சி எவருக்கும் உதவாது. ஆகவே, எண்ணெய் வாங்குவது பணத்தை மட்டுமன்றி உயிரையும் சார்ந்த காரியம்.

இவ்வூர்தியின் வரலாறு நெடியதன்று. மோட்டார் சைக்கிள் ஓட்டப் போட்டிகளில் ஈடுபட்டிருந்த கிளேட்டன் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்கர், தண்ணீரின்மேல் ஒருவர் தனித்து ஓட்டிச் செல்லத்தக்க மோட்டார் ஊர்தியொன்றை 1960ஆம் ஆண்டுகளில் எண்ணி உருவாக்க முற்பட்டார். கனடாவின் பொம்பார்டியர் கம்பனி 1968இல் ‘சீ-டூ’ என்னும் ஊர்தியை வெளியிட்டது. அம்முயற்சி அப்போது நீடிக்கவில்லை. பின்னர் யப்பானியக் கம்பனியாகிய கவசாக்கி, 1973இல் ‘ஜெட் ஸ்கி’ என்னும் பெயரில் தன் ஊர்தியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு கம்பனியின் வியாபாரப் பெயரே நாளடைவில் மக்கள் வாயில் பொதுப் பெயராயிற்று. 1980ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் யமகாவும், மீண்டும் பொம்பார்டியரும் இத்துறையில் இறங்கவே, ஊர்திகள் உலகெங்கும் பரவின. இலங்கையில் பெந்தோட்டைப் பகுதியின் நீர்நிலைகளில் உல்லாசப் பயணிகள் இவற்றை ஓட்டி மகிழ்வதைக் காணலாம்.

இவ்வூர்திக்கு வெளியே சுழலும் விசிறி இல்லை. அடிப்புறத்தால் நீரை உறிஞ்சி, உள்ளே சுழலும் தகடுகளால் வேகமூட்டி, பின்புறக் குழாயால் பீறிட்டுப் பாய்ச்சுவதனால் அது முன்னே செல்கின்றது. வீதியில் ஓடும் வாகனத்திற்குப் பல்வேறு ‘கியர்’கள் உண்டு, இறக்கத்தில் அதன் இயந்திரம் சற்று இளைப்பாறும். நீரில் இறக்கமும் இல்லை, இளைப்பாறுதலும் இல்லை. நீரைத் தள்ளும் சுமை எப்போதும் உண்டு. அதனால் இயந்திரம் பெரும்பாலும் மிகுந்த வேகத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும். இத்தகைய உழைப்பைத் தாங்குவது எண்ணெயின் கடமை. மாட்டு வண்டியின் அச்சுக்கு மை இடாமல் நெடும் பயணம் புறப்பட்டவர் நடுவழியில் பட்ட பாட்டை முதியோர் அறிவர். அச்சுக்கு மை எதுவோ, அதுவே இயந்திரத்திற்கு எண்ணெய்.

எண்ணெய் தெரிவுசெய்யப் புகுமுன் கேட்கவேண்டிய முதற் கேள்வி ஒன்றுண்டு. இயந்திரம் ஈரடிப்பா, நாலடிப்பா என்பதே அது. கடைத்தெருவில் ‘டூ ஸ்ட்ரோக்’, ‘போர் ஸ்ட்ரோக்’ என்று சொல்லப்படுபவை இவையே. தொடக்ககால ஊர்திகள் ஈரடிப்பு இயந்திரம் பூண்டவை. 2002ஆம் ஆண்டளவில் நாலடிப்பு இயந்திரம் பூண்டவை சந்தைக்கு வந்தன. இப்போது புதிதாக விற்கப்படுபவை பெரும்பாலும் அவ்வகையினவே. ஆயினும், கைம்மாறி விற்கப்படும் பழைய ஊர்திகளுள் ஈரடிப்பு இயந்திரங்கள் இன்னும் பல உள்ளன. ஆகவே, இரண்டையும் அறிந்திருத்தல் நன்று.

ஈரடிப்பு இயந்திரத்தில் எண்ணெய் பெற்றோலோடு கலந்தே உட்செல்கின்றது. சுழலும் தண்டையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு, இறுதியில் பெற்றோலுடன் சேர்ந்து எரிந்து புகையாகின்றது. ஒருமுறை பயன்பட்ட எண்ணெய் மீண்டும் வருவதில்லை. நாலடிப்பு இயந்திரத்திலோ எண்ணெய் தனியே ஓரிடத்தில் தங்கி, பம்பியினால் மீண்டும் மீண்டும் சுற்றி அனுப்பப்படுகின்றது. முன்னையது எரிவதற்கென்றே ஆக்கப்பட்ட எண்ணெய். பின்னையது எரியாமல் நெடுநாள் உழைப்பதற்கென ஆக்கப்பட்டது. ஒன்றின் இடத்தில் மற்றதை ஊற்றுவது இரண்டுக்கும் கேடு. நாலடிப்பு எண்ணெயில் உலோகம் சேர்ந்த மருந்துகள் உண்டு. அவை ஈரடிப்பு இயந்திரத்தில் எரியும்போது சாம்பலாகிப் பிஸ்டன் தலையிலும் பிளக்கிலும் படியும். படிந்த சாம்பல் தணல்போற் கனன்று, பொறி பிறக்குமுன்னரே பெற்றோலைப் பற்றவைக்கும். அதன் முடிவு, பிஸ்டனில் துளை விழுதல்.

ஈரடிப்பு எண்ணெய் என்று எழுதப்பட்ட போத்தல்கள் அனைத்தும் ஒன்றல்ல என்பது அடுத்து அறியவேண்டியது. மோட்டார் சைக்கிளின் ஈரடிப்பு இயந்திரம் பெரும்பாலும் காற்றினால் குளிர்வது. அதன் சுவர்கள் மிகுந்த சூடேறும். நீர்மேல் ஊர்தியின் இயந்திரமோ தண்ணீரால் குளிர்வது. அதன் சுவர்கள் சூடு குறைந்தவை. சூடு குறைந்த இடத்தில் சாம்பல் படிவது எளிது; ஈரமும் உப்பும் துருவை வளர்ப்பதும் எளிது. ஆகவே, நீரில் ஓடும் இயந்திரங்களுக்கெனச் சாம்பல் விடாததும் துருவைத் தடுப்பதுமான எண்ணெயொன்று வகுக்கப்பட்டது. அமெரிக்காவின் தேசியக் கடற்கலத் தயாரிப்பாளர் சங்கம் அதற்குப் பரீட்சைகள் வைத்து, தேறிய எண்ணெய்க்கு ‘டி.சி.-டபிள்யூ 3’ என்னும் முத்திரையை வழங்குகின்றது. போத்தலின் நிறமும் அதிலுள்ள படமும் பார்ப்பதைவிட இம்முத்திரை உண்டா என்று பார்ப்பதே அறிவுடைமை.

இங்கே ஒரு விலக்கும் உண்டு. அதுவே இப்பேச்சின் உயிர்நிலை எனலாம். யமகா, கவசாக்கி ஆகிய கம்பனிகளின் ஈரடிப்பு ஊர்திகளுக்கு டி.சி.-டபிள்யூ 3 முத்திரை பெற்ற எண்ணெயே விதிக்கப்பட்டது. ஆனால், சீ-டூ ஊர்திகளின் ஈரடிப்பு இயந்திரங்களுக்கான கையேடுகளோ அவ்வெண்ணெயைத் தவிர்க்கும்படி கூறி, ‘ஏ.பி.ஐ. டி.சி.’ என்னும் வேறு தரத்தைச் சேர்ந்த, சாம்பல் குறைந்த எண்ணெயை விதித்தன. ஒரே வகை ஊர்தி, ஒரே கடல், ஆயினும் இருவேறு கட்டளைகள். இஃதென்ன முரண்பாடு என்று எவரும் கேட்கலாம். இது முரண்பாடன்று. ஓர் இயந்திரம் மற்றதினும் சூடாக இயங்கலாம். அதன் புகைவழியில் நுண்ணிய வால்வுகள் பொருத்தப்பட்டிருக்கலாம். அவ்வால்வுகளுக்கு ஒத்த எண்ணெய் வேறாக இருக்கலாம். ஒரே வகுப்பிலுள்ள இரு பிள்ளைகளுக்கு ஒரே மருந்தை வைத்தியர் கொடுப்பதில்லை அல்லவா? பொது விதி நல்லதே. ஆனால், அந்தந்த இயந்திரத்தை ஆக்கியவர் எழுதிவைத்த கையேடு பொது விதியினும் மேலானது. பக்கத்து வீட்டு ஊர்திக்குப் பொருந்திய எண்ணெய் தன் ஊர்திக்கும் பொருந்தும் என்று எண்ணுபவர் இந்த இடத்திலேதான் இடறுகின்றார்.

எண்ணெயின் வகை போலவே அளவும் முக்கியமானது. சில ஊர்திகளில் எண்ணெய்க்குத் தனித் தாங்கி உண்டு. பம்பியொன்று வேகத்திற்கு ஏற்ப எண்ணெயை அளந்து செலுத்தும். அத்தாங்கி வற்றாதபடி பார்த்துக்கொள்ளவேண்டும். வற்றியபின் எண்ணெய் நிரப்பினாலும், குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றாவிடின் எண்ணெய் உரிய இடத்தைச் சென்றடையாது. வேறு சில இயந்திரங்களில் பெற்றோலோடு எண்ணெயைக் கையால் கலக்கவேண்டும். 50 பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்பது பலவற்றுக்கு விதிக்கப்பட்ட அளவு. அவ்விதப்படி 10 லீற்றர் பெற்றோலுக்கு 200 மில்லிலீற்றர் எண்ணெய் வேண்டும். இதனைக் கண்மதிப்பால் ஊற்றாமல் அளவுக் கிண்ணத்தால் அளந்து ஊற்றுதல் நன்று. எண்ணெய் குறைந்தால் கேடு என்பது யாவரும் அறிந்ததே. கூடினாலும் கேடு என்பதைப் பலர் அறியார். எண்ணெய் கூடினால் பிளக் கறுக்கும். அதே நுழைவழியால் செல்லும் பெற்றோலின் பங்கு குறைவதால் இயந்திரம் சூடேறவும் இடமுண்டு.

நாலடிப்பு இயந்திரத்திற்கு வருவோர், போத்தலில் எழுதப்பட்டிருக்கும் இரண்டு எண்களைக் கவனிக்கவேண்டும். 10 டபிள்யூ 40 என்பது ஓர் எடுத்துக்காட்டு. முன்னுள்ள எண், குளிர்ந்த நிலையில் எண்ணெய் எவ்வளவு இலேசாக ஓடும் என்பதையும், பின்னுள்ள எண், சூடேறிய நிலையில் அது எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதையும் காட்டுவன. இவ்வெண்கள் காருக்குரிய எண்ணெயிலும் உண்டு. அப்படியாயின், கார் எண்ணெயையே ஊற்றலாமே என்னும் கேள்வி எழும். காரின் இயந்திரம் உப்புக் காற்றிலும் ஈரத்திலும் மூழ்கிக் கிடப்பதில்லை. நீரில் ஓடும் நாலடிப்பு இயந்திரங்களுக்கெனவே, முன் சொன்ன சங்கம் ‘எப்.சி.-டபிள்யூ’ என்னும் முத்திரையை ஏற்படுத்தியிருக்கின்றது. எண்ணெய் துருவைத் தடுக்கின்றதா, நீர் சிறிது கலந்தாலும் வடிகட்டியை அடைக்காதிருக்கின்றதா, நெடுநேரம் அரைபட்ட பின்னும் தன் தடிப்பை இழக்காதிருக்கின்றதா என்றெல்லாம் அதற்குச் சோதனைகள் உண்டு.

இன்னுமொரு நுட்பம் கூறத்தக்கது. சில வலிய ஊர்திகளில், காற்றை அழுத்தி இயந்திரத்தினுள் செலுத்தும் ‘சூப்பர்சார்ஜர்’ என்னும் கருவி உண்டு. சில ஊர்திகளில் அக்கருவியின் கிளச் எண்ணெயில் நனைந்தபடியே பிடித்து இயங்குவது. உராய்வை மிகக் குறைக்கும் மருந்து சேர்ந்த எண்ணெயை அதற்கு ஊற்றினால் கிளச் பிடிக்காமல் வழுக்கும். விலை உயர்ந்த எண்ணெயே சிறந்த எண்ணெய் என்று எண்ணி வாங்கியவருக்கு அதுவே நட்டமாக முடியும். விலை தரத்தைக் காட்டலாம், பொருத்தத்தைக் காட்டாது.

நாலடிப்பு இயந்திரத்தின் எண்ணெய் அளவை, அளவுக்கோலை உருவி அடிக்கடி பார்த்தல் வேண்டும். எண்ணெய் பால் கலந்த தேநீர்போல வெளுத்திருந்தால், அதனுள் தண்ணீர் புகுந்துவிட்டது என்பது பொருள். அந்நிலையில் ஊர்தியைக் கடலில் இறக்குதல் தகாது. புதிய எண்ணெய் ஊற்றினால் போதும் என்று அமையாமல், நீர் புகுந்த வழியைக் கண்டறிந்து அடைக்கவேண்டும். பழைய எண்ணெயை மாற்றவேண்டிய காலம் கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும். அத்தனை மணித்தியாலம் ஓடாவிட்டாலும், ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுதல் பொதுவான முறை.

எண்ணெயைப் பற்றிப் பேசுமிடத்துத் தண்ணீரையும் மறத்தலாகாது. கார்புரேற்றர் பூண்ட பழைய ஈரடிப்பு இயந்திரங்கள், பெற்றோலிலும் எண்ணெயிலும் ஒரு பகுதியை எரிக்காமலே நீரில் விடுகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் தாகோ ஏரி தெளிந்த நீருக்குப் பெயர்பெற்றது. அந்நீரைக் காக்கும்பொருட்டு, அத்தகைய இயந்திரங்களை அங்கே ஓட்டுவதற்கு 1999ஆம் ஆண்டு சூன் மாதம் முதல் தடை விதிக்கப்பட்டது. மாற்றி எடுத்த பழைய எண்ணெயை மணலிலோ வாய்க்காலிலோ கொட்டுவோர், மீன் வாழும் நீரையும் மக்கள் குடிக்கும் நீரையும் ஒருங்கே கெடுக்கின்றனர்.

இவையெல்லாம் உல்லாசப் பயணிகளின் ஊர்திக்குரிய செய்திகள், தங்களுக்கு இவற்றால் யாது பயன் என்று கரையோர நேயர்கள் சிலர் எண்ணக்கூடும். வடக்கிலும் கிழக்கிலும் கண்ணாடியிழைப் படகுகளின் பின்புறத்தே பூட்டப்படும் வெளியிணைப்பு இயந்திரங்கள் பலவும் ஈரடிப்பு இயந்திரங்களே; தண்ணீரால் குளிர்பவையே. டி.சி.-டபிள்யூ 3 என்னும் முத்திரை அத்தகைய இயந்திரங்களை முன்னிட்டே எழுந்தது. பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்களும் அவற்றுள் உண்டு. 2022ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தபோது, கடற்றொழிலாளர் பட்ட துயர் நாடறிந்தது. அத்தகைய நெருக்கடியில், எண்ணெயிலாவது சிறிது மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆனால், எண்ணெயில் குறைத்தது இயந்திரத்தில் கூடும். வலையும் மீனும் உடன் செல்வோரும் இருக்கும் படகில் இயந்திரம் இறுகினால், இழப்பு ஒரு குடும்பத்தோடு நிற்பதில்லை.

சொன்னவற்றைச் சுருக்கமாகத் தொகுத்துக் கூறலாம். இயந்திரம் ஈரடிப்பா, நாலடிப்பா என்று முதலில் அறிக. அடுத்து, கையேட்டைத் திறந்து, அதில் விதித்த தரத்தைக் குறித்துக்கொள்க. கையேடு இல்லையாயின், அதே ஊர்தியின் கையேட்டைத் தேடிப் பெறுக. போத்தலில் அத்தரத்தின் முத்திரை இருப்பதைக் கண்ணாற் கண்டபின் பணம் கொடுக்க. வெவ்வேறு வகை எண்ணெய்களை ஒன்றோடொன்று கலவாதிருக்க. அளந்து ஊற்றுக, உரிய காலத்தில் மாற்றுக. படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், கையேட்டிலுள்ள அந்த ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டச் சொல்லலாம். பள்ளியிற் கற்ற எழுத்து, கடலுக்குப் போன தந்தையைக் கரைசேர்க்க உதவுமாயின், அதனினும் சிறந்த பயன் கல்விக்கு வேறு வேண்டுவதில்லை.